மூன்று மாதம் தாண்டிய வலி: நம் கரைக்காரர்களின் அனுபவம்

மண்டபம் பிசியோ:

இடுப்போ, முழங்காலோ, தோளோ, கழுத்தோ, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியையும் அத்தனை காலம் விட்டுவிட்டு வரும் வலியையும் நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகுத்திருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டியவர்கள் எழுதுங்கள். பிசியோதெரபிக்குப் போனவர்கள், போக மறுத்தவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள் எல்லாரும் வாருங்கள். உங்களுக்கு என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், செய்கிற தொழில் அதற்கு இடம் கொடுத்ததா என்று எழுதினால் போதும். மாத்திரைப் பெயர், மருத்துவமனைப் பெயர் வேண்டாம்.

நான் படிக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, டென்மார்க், அமெரிக்கா போன்ற நாடுகளில் நடந்தவை. அவற்றை மதிக்கிறேன். ஆனால் அவற்றில் கலந்துகொண்டவர்களில் மடிவலை இழுப்பவரும் கடற்பாசி எடுப்பவரும் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

தங்கச்சிமடம் விசைப்படகு:

தம்பி, முதலில் நான். எனக்கு இடுப்பு. மடி ஏற்றும்போது பிடித்தது. வலையை இழுக்க விஞ்ச் மெஷின் இருக்கிறதே என்பார்கள் தெரியாதவர்கள். மடி படகை ஒட்டி வந்த பிறகு கைதான். அதன்பின் விடிய விடியக் குத்தவைத்து மீன் பிரிக்க வேண்டும்.

மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். இரண்டு இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று ரிப்போர்ட். அதைப் படித்தவர் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "இனிக் குனியாதே, எடை தூக்காதே, கடலை மறந்துவிடு" என்றார். பெல்ட் ஒன்றும் கொடுத்தார். படகில் பங்கு இல்லாமல் கூலிக்குப் போகிறவன் கடலை மறந்துவிட்டு எதை நினைப்பது?

வீட்டில் படுத்தேன். படுக்கப் படுக்க வலி கூடியது. முதலில் குனிந்தால் வலித்தது. பிறகு, குனிய வேண்டுமே என்று நினைத்தாலே வலித்தது. செருப்பைக்கூட மருமகன் எடுத்துப் போட்டான். அந்த அவமானம் வேறு.

அப்புறம் பார்த்த பிசியோ அம்மா ஸ்கேன் உறையைப் பிரிக்கவே இல்லை. "கீழே கிடக்கும் செருப்பை எடுங்கள்" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாகக் குனிந்தேன். "மூச்சை விட்டுவிட்டுக் குனியுங்கள்" என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பிறகு வெறும் கையோடு, பிறகு குடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தூக்கச் சொல்லி, வாராவாரம் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனார். இப்போது கடலுக்குப் போகிறேன். வலி முழுக்கப் போகவில்லை, வந்து வந்து போகிறது. பயம்தான் போய்விட்டது. எனக்கு ஒரே கேள்வி: அப்படியானால் ஜவ்வு பிதுங்கியது பொய்யா?

மண்டபம் பிசியோ:

பொய் இல்லை அண்ணே. படத்தில் இருப்பது இருக்கிறது. உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1994ல் அமெரிக்காவில் இடுப்பு வலி இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் ஜவ்வு பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வும் குறையில்லாமல் இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015ல் வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். ரிப்போர்ட்டின் அடியில் இந்தக் கணக்கை ஒரு வரி சேர்த்து அச்சடித்தால் நம் ஊரில் எத்தனையோ பேர் படுக்கையை விட்டு எழுந்துவிடுவார்கள்.

பெல்ட்டைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதன்முதலாக 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அது சொல்லும் பட்டியலில் பெல்ட் இருக்கிறது. எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் இருக்கிறது. நம் மக்கள் கரண்ட் வைப்பது என்று சொல்லும் டென்ஸ் மெஷினும் அல்ட்ராசவுண்டும் இருக்கின்றன. பரிந்துரைப் பக்கத்தில் பயிற்சியும், நோயாளிக்குப் புரியும்படி விளக்கிச் சொல்வதும் இருக்கின்றன. என் தொழில்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. பல கிளினிக்குகளில் வரிசை நிற்பது அந்த மெஷின்களுக்கு முன்னால்தான்.

படுத்ததைப் பற்றி: திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்ட ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 1995ல் வந்தது. இரண்டு நாள் படுக்கை, முதுகுப் பயிற்சி, முடிந்த அளவு வழக்கமான நடமாட்டம். முன்னதாகத் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர்.

கீழக்கரை லாத்தா:

எனக்கு இரண்டு முட்டியும். தேய்மானம், தேய்மானம் என்று கேட்டுக் கேட்டு, ஓர் எட்டு வைத்தால் இன்னும் கொஞ்சம் தேயுமே என்று கணக்குப் பார்த்து நடந்தேன். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவுக்குப் போனால் எழுப்பிவிட மருமகள் வர வேண்டும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தேன். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு, அதில் குறையில்லை. தொழுகைக்குப் போட்ட நாற்காலியில் நாள் முழுவதும் உட்கார்ந்துவிட்டதுதான் குறை. கரண்ட் வைக்கவும் போய்க்கொண்டிருந்தேன். வைத்த அன்று சுகம், மறுநாள் பழையபடி.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோ பெண் வீட்டுக்கு வந்தாள். அவள் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். முதலில் இரண்டு தலையணை போட்ட உயரத்தில், பிறகு ஒன்று, பிறகு வெறும் நாற்காலி. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் முன்னால் பத்துப் பத்து. தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லியிருந்தால் இரண்டாம் நாளே விட்டிருப்பேன். "வலிக்குமே" என்றேன். "பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பரவாயில்லை லாத்தா, மறுநாள் காலையில் பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றாள். எடையையும் குறைக்கச் சொன்னாள். தொதல் இனிப்பு கிண்டுகிற ஊரில் வந்து சொல்கிற பேச்சா அது?

இப்போது மாடிக்கு ஏறித் துணி காயப்போடுகிறேன். சில வக்து தரையில் தொழுகிறேன். தம்பி, மண்டியிடுவதால் முட்டி கெட்டுப்போகாதே?

மண்டபம் பிசியோ:

கெடாது லாத்தா. அந்தப் பெண் சொன்ன ஐந்து என்ற அளவுகோலையே அதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். தொதல் விஷயத்தில் நான் அவள் கட்சி. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை அளந்து பார்த்து 2005ல் வந்த ஆய்வு ஒன்று, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முட்டியில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்கிறது.

சின்னப்பாலம் மருமகள்:

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் வந்தேன். இனி என் அத்தை கதையைக் கேளுங்கள்.

அத்தை பாசி எடுக்கிறவர். விடியும் முன்னே படகேறி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முங்கி முங்கி, பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து, ஈரச் சாக்கைச் சுமந்து கரையேறுவார். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வண்டி தள்ள வேண்டும். 2006ல் சிக்குன்குனியா வந்தது. அன்றைக்குப் பிடித்த விரல் கணுவும் மணிக்கட்டும் இன்றைக்கும் காலையில் மடங்க நேரம் எடுக்கின்றன. சர்க்கரையும் உண்டு. கொஞ்ச காலமாக வலது தோள் மேலே எழவில்லை. கொண்டை போட என்னைக் கூப்பிடுகிறார்.

ஓரிடத்தில் காட்டினோம். தொழில் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, "தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள், கையை அசைக்கச் சொல்லுங்கள்" என்றார்கள். தாளில் ஷூ போட்ட வெள்ளைக்காரப் பெண் கையை வீசிக்கொண்டு நிற்கிறாள். அத்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவள் எந்தப் பாருக்குப் பாசி எடுக்கப் போகிறாள்?" என்று கேட்டார். அதோடு அந்த இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டோம்.

உழைக்கிற உடம்புக்குப் பயிற்சி வேறு எதற்கு என்று அத்தை கேட்கிறார். பதில் சொல்லுங்கள்.

மண்டபம் பிசியோ:

அத்தையின் கேள்விக்காகவே இதை ஆரம்பித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அரை மணி நேர நடை வெறும் பேச்சு அல்ல. 2024ல் ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து தேறிய 701 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பிசியோவின் துணையோடு நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். மற்றவர்களுக்கு அது இல்லை. வலி திரும்ப வருவதற்கு நடந்தவர்களுக்கு ஆன காலத்தின் நடு அளவு 208 நாள், மற்றவர்களுக்கு 112 நாள். மருந்தில்லாத ஒரு வைத்தியத்துக்கு இது நல்ல பலன். கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வகுப்பில் பாடம் எடுப்பவருக்கும் இதை நானே எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் அத்தைக்கு எழுதிக் கொடுத்தவர் ஆய்வைப் படித்திருக்கலாம், ஆளைப் படிக்கவில்லை.

உழைப்பு ஏன் பயிற்சி ஆகாது? பயிற்சியில் எடையையும் நேரத்தையும் ஓய்வையும் நாம் தீர்மானிக்கிறோம். பாசியில் நீரோட்டமும் வியாபாரியும் தீர்மானிக்கிறார்கள். தோள் போதும் என்று சொன்னாலும் சாக்கு நிறைய வேண்டும். வேலையில் படும் பாடும் ஓய்வுநேர உடற்பயிற்சியும் உடம்புக்கு ஒன்றல்ல என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது இதய நோயை என்றாலும், நான் வீடு வீடாகப் பார்ப்பதற்கு அது பொருந்துகிறது. அத்தைக்குக் குறைவது அசைவு அல்ல, அளவு.

அதனால் நான் வேலைக்குள்ளேதான் கை வைப்பேன். ஒரு பெரிய சாக்குக்குப் பதிலாக இரண்டு சிறியவை. வலக்கையால் மட்டும் பிய்க்காமல் முறை மாற்றுவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போகிற வேலை என்பதால் நடுவில் ஓய்வு நாள்கள் வரும். தோளுக்கான பயிற்சியை அந்த நாள்களில் வையுங்கள். மேசையில் துணியைப் போட்டு அதன்மேல் கையை முன்னே தள்ளுவது, சுவரில் விரல்களால் ஏறுவது, இரண்டும் போதும். அடுத்தது, சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். இறுகினால் தளர மாதக்கணக்காகும், சில பேருக்கு ஆண்டுக்கு மேலும் ஆகும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் ஏமாந்து நிறுத்த மாட்டார்கள். விரல் கணுக்களில் வீக்கமும் நெடுநேர விறைப்பும் இன்னும் இருந்தால் அது பிசியோவோடு முடிகிற விஷயமில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் மூட்டுவாதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சாயல்குடிப் பனையேறி மகன்:

அப்பாவுக்குப் பனை ஏறி ஏறி முதுகும் தோளும் போயின. எண்ணெய் போட்டு நீவும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போனால் இரண்டு நாளைக்குத் தூங்குவார். அதைச் சொன்னாலே பிசியோக்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு இடுப்பு வலியோடு கால் பாதம் தொங்கிப்போனது. சிறுநீர் கட்டிக்கொண்டது. அதற்கும் நீவினால் சரியாகும் என்று நாள் கடத்தினார்கள். கடைசியில் அறுவை சிகிச்சை. கால் முழுதாகத் திரும்பவில்லை.

மண்டபம் பிசியோ:

நீவுவதைச் சுளிக்க ஒன்றுமில்லை, மசாஜ் அந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலிலேயே இடம் பெற்றிருக்கிறது. தூக்கம் வந்தால் அது லாபம்தான். அந்த இரண்டு நாளில் அப்பாவை எழுப்பி நடமாட விடுங்கள்.

சித்தப்பா விஷயத்தை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடை நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலமிழப்பது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனை. காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை.

தொண்டி வாத்தியார்:

எனக்குக் கழுத்து. நான் பார்த்தவர், "வலி மூளையில் உண்டாகிறது சார்" என்று வகுப்பு எடுத்தார். நான் கற்பனை செய்துகொண்டு வந்திருக்கிறேன் என்கிறாரா? பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

மண்டபம் பிசியோ:

உங்கள் கோபம் நியாயம் சார். அவர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் கோணல். 1965ல் மெல்சாக், வால் என்ற இருவர், அடிபட்ட இடத்திலிருந்து வரும் செய்தி தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்று எழுதினார்கள். இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிடுகிறோமே, அது ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கு அதில் விளக்கம் உண்டு. 2007ல் இன்னொரு சோதனை. மைனஸ் 20 டிகிரிக் குளிரில் வைத்த கம்பியைக் கையில் தொட வைத்தார்கள். கூடவே சிவப்பு விளக்கையோ நீல விளக்கையோ காட்டினார்கள். கம்பி ஒன்றுதான், சிவப்பைப் பார்த்தபோது அதிகம் வலித்தது. கற்பனை இல்லை, உண்மையான வலிதான். ஆபத்து என்று உடம்பு எடுத்துக்கொண்டதால் கூடியது. தங்கச்சிமடம் அண்ணனுக்கு அந்த ரிப்போர்ட் சிவப்பு விளக்கு.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. முழங்கால் தேய்மானத்துக்குப் பயிற்சி பற்றிய ஆய்வுகளை 2024ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு தொகுத்தபோது, பலன் உண்டு, ஆனால் சராசரியில் அது பெரியது என்று சொல்ல முடியாது என்றுதான் வந்தது. லாத்தாவுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் அப்படியே கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தங்கச்சிமடம் விசைப்படகு:

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. 61 நாள் சும்மா இருந்தால் இடுப்புக்கு நல்லதுதானே?

மண்டபம் பிசியோ:

முதல் வாரம் நல்லது அண்ணே. பிரச்சினை ஜூன் 15ல் இருக்கிறது. இரண்டு மாதம் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்த உடம்பு ஒரே இரவில் முழு மடியை இழுக்கிறது. அதற்கடுத்த வாரங்களில்தான் என்னிடம் கூட்டம். மே தொடக்கத்திலிருந்து குடத்தை மறுபடி எடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், வாராவாரம் கொஞ்சம் ஏற்றம். கடைசி வாரத்தில் நனைந்த வலைச் சுருள் ஒன்றைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கிப் பழகுங்கள். குத்தவைத்து எழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட இருப்பவர்களையும் இழுத்து வாருங்கள், தனியாகச் செய்தால் பத்து நாளில் விட்டுவிடுவீர்கள்.

தங்கச்சிமடம் விசைப்படகு:

எங்கள் படகுக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மே முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்துவிடு தம்பி. டிரைவர் மட்டும் வரமாட்டேன் என்கிறார். அவருக்குக் கழுத்தும் வலது கை மரப்பும். தொண்டி சார் தன் கழுத்துக்கு என்ன செய்கிறார் என்று முதலில் தெரிய வேண்டுமாம்.