ஓடைக்கரையில செடி வைக்கறோம், பக்கத்துல குடியிருக்கறவங்க ஏன் வரமாட்டேங்கறாங்க?

சோலைக்குருவி:
வணக்கங்க. குன்னூர்ல ஒரு ஓடையை நாங்க பதினஞ்சு பேர் ரெண்டு வருஷமா சுத்தம் பண்றோம், ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு கூடுவோம், பிளாஸ்டிக் பொறுக்குவோம், வெளிநாட்டுல இருந்து வந்து பரவற சீகை மரத்தையும் (வாட்டில்) உன்னிச்செடியையும் (லாண்டானா) வெட்டிட்டு இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரக்கன்னு வைப்போம். கரையை ஒட்டி நாப்பது வீடு இருக்கு, எல்லாம் தினக்கூலிக்கு போறவங்க. வீடு வீடா நோட்டீஸ் குடுத்தும் ஒருத்தர் கூட வரல. போன மாசம் சொந்தக்காசு போட்டு முள்கம்பி வேலி போட்டோம், மூணாம் நாளே ரெண்டு இடத்துல வெட்டிட்டாங்க. உள்ள வச்ச கன்னுல பாதிக்கு மேல மாடு மேஞ்சிடுச்சு. மனசு விட்டுப்போச்சுங்க. இவங்கள எப்படி உள்ள கொண்டு வர்றது?

தேயிலைக்கொழுந்து:
தம்பி நான் உங்க ஓடைக்காரி இல்ல, ஆனா அதே மாதிரி ஒரு ஓடைக்கரையில தான் 22 வருஷமா இருக்கேன். ஞாயித்துக்கிழமை தான் காட்டேஜ்ல ரூம் காலி ஆகற நாளு, பெட்ஷீட் மாத்தணும் பாத்ரூம் கழுவணும், அன்னைக்கு லீவு போட்டா மறுவாரம் வேற ஆள வச்சுக்குவாங்க. குழாய்ல தண்ணி எப்ப வரும்னு தெரியாது, வந்தா குடம் வச்சுட்டு நிக்கணும். அந்த நேரத்துல நீங்க கையுறை மாட்டிட்டு வந்து குப்பை பொறுக்கி போட்டோ எடுக்கறப்ப நாங்க என்னமோ அழுக்கு பண்றவங்க மாதிரி ஆயிடுதுங்க. குப்பை வண்டி ரோட்டுலயே திரும்பிடும், எங்க படி இறங்கி யாரும் வர்றதில்ல, அத ஒருநாளாவது யாராவது கேட்டீங்களா? வேலிய எங்க வெட்டியிருக்காங்கன்னு போய் பாருங்க. துணி துவைக்கற கல்லுக்கு போற வழியாத்தான் இருக்கும்.

கோத்தகிரியான்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. இன்னொன்னு, ஓடை "மீட்பு"ன்னு போர்டு வச்சாலே பட்டா இல்லாத வீட்டுக்காரங்களுக்கு வயித்துல புளிய கரைக்கும், அடுத்து ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் ஒட்டுவாங்களோன்னு. யாரையும் காலி பண்ண சொல்லமாட்டோம்னு முதல்ல நேர்ல போய் சொல்லுங்க, அதையே எழுதியும் குடுங்க.

எங்க ஊர் லாங்வுட் சோலைங்கற காடு வெறும் 116 ஹெக்டேர், சுத்தியும் ஊரும் தோட்டமும் தான். 2024ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்துச்சு, ஆனா அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே ஊர்க்காரங்க கமிட்டி போட்டு காவல் காத்தாங்க. நம்ம குடிதண்ணி அங்கிருந்து தான் வருதுன்னு அவங்களுக்கே தெரியும், அதனால யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியிருக்கல.

சீகைய வெட்டி என்ன பண்றீங்க? வெள்ளைக்காரன் விறகுக்குன்னு தானே ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டு வந்தான். அனுமதி வாங்கி வெட்டற கட்டைய அந்த நாப்பது வீட்டுக்கே பிரிச்சு குடுங்க. வெட்டினதோட முடியாது, வேர்ல இருந்து துளுக்கும், மண்ணுல கிடக்கற விதை வருஷக்கணக்கா முளைக்கும், கையால பிடுங்கிட்டே இருக்கணும். ஞாயித்துக்கிழமை வேலையில்ல அது, கூலி குடுத்து செய்யவேண்டிய வேலை. கூடலூர் பக்கம் ஆதிவாசி ஜனங்க உன்னிக்குச்சிய வேகவச்சு வளைச்சு ஆளுயர யானை செஞ்சு சம்பாதிக்கறாங்க. நூறு நாள் வேலை நகராட்சிக்குள்ள கிடையாது, ஆனா 2021ல நகர்ப்புற வேலைவாய்ப்பு திட்டம்னு ஒன்னு அறிவிச்சாங்க, உங்க வார்டுல அது நடக்குதான்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. வேலிக்கு போட்ட காசுல ரெண்டு பெண்களுக்கு எத்தனை நாள் கூலி வந்திருக்கும்னு கணக்கு போட்டு பாருங்க.

தேயிலைக்கொழுந்து:
கன்னு வைக்கறப்பவும் கேட்டு வைங்க தம்பி. வீட்டு பின்னாடி புதர் மாதிரி அடைஞ்சா காட்டுமாடு வந்து படுத்துக்குது, கரடியும் வருது, விடிகாலைல வெளிய போற பொம்பளைங்களுக்கு உயிர் போயிட்டு வரும். வீட்டுப்பக்கம் தவுட்டுப்பழ செடி வைங்க, பிள்ளைங்க பழம் பறிக்கவே பாத்துக்குவாங்க.

சோலைக்குருவி:
படிச்சிட்டு நேத்தே போய் பாத்தேன். அக்கா சொன்ன மாதிரியே ஒரு வெட்டு துவைக்கற கல்லுக்கு நேரா இருக்கு, இன்னொன்னு புல்லறுக்க இறங்கற ஒத்தையடிப்பாதைல. ரெண்டு வருஷமா அந்த கல்லு பக்கத்துல தான் நின்னு டீ குடிச்சிருக்கோம், ஒருத்தருக்கும் தோணல. வெக்கமா இருக்கு. செவ்வாய்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் எதுவும் இல்லாம போய் உக்காந்து கேக்கலாம்னு இருக்கேன், சரியா வருமாக்கா?

தேயிலைக்கொழுந்து:
ஆறரைக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி வீட்டுல ஆள் இருக்கமாட்டாங்க. போறப்ப கம்பி வெட்டற கட்டர எடுத்துட்டு போங்க, அந்த வழிய நீங்களே ஒழுங்கா திறந்து விட்டுட்டு அப்புறம் பேச்ச ஆரம்பிங்க.