தலை ஒப்பரேசனுக்குப் பிறகு மறதியும் கோபமும்: மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுப் படிவத்தைத் திருப்பித் தந்திட்டினம், என்ன செய்யலாம்?

விசுவமடு மல்லிகை:

எல்லாருக்கும் வணக்கம். முதல் தரம் எழுதுறன், பிழை இருந்தா குறை நினைக்காதேங்கோ.

என்ர வீட்டுக்காரர் மேசன். 2023 மார்கழியிலை வேலை முடிஞ்சு இரவு பரந்தன் றோட்டாலை வரேக்கை, றோட்டிலை கறுத்த மாடொண்டு படுத்திருந்திருக்கு. ஹெல்மெட் போட்டவர், வார் பூட்டேல்லை. தலைக்குள்ளை இரத்தம் கட்டி, யாழ்ப்பாணத்துக்கு ஏத்தி ஒப்பரேசன் செய்தவை. இருபத்தாறாம் நாள் டிக்கெட் வெட்டி வீட்டை விட்டினம்.

கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய மனுசன் இல்லை. போன மாதம் பக்கத்து வளவிலை ஒரு சின்னச் சுவர் கட்டக் கேட்டவை. தூக்குக்குண்டை எடுத்து நூலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், நிண்டவர்தான். பிறகு திரும்பி என்னைப் பாத்து, "இதை என்னத்துக்கு எடுத்தனான்?" எண்டு கேட்டார். இருபது வருசமாச் சுவர் எழுப்பின ஆள். அடுப்பிலை கேத்திலை வைச்சா வைச்சதுதான், தண்ணி வத்தி அடி கருகினாப் பிறகும் தெரியாது. பின்னேரங்களிலை பிள்ளையள் சத்தம் போட்டா கோப்பையைத் தூக்கி எறிவார், பத்து நிமிசத்தாலை தானே இருந்து அழுவார்.

கொடுப்பனவுக்குப் படிவம் நிரப்பிக் கந்தோருக்குக் கொண்டு போனன். அங்கை இருந்தவர் இவரை மேலும் கீழும் பாத்திட்டு, "நடந்துதானே வந்தவர்" எண்டு திருப்பித் தந்திட்டார். ஆஸ்பத்திரிக் காட்டிலை (அட்டையிலை) ஒப்பரேசன் செய்தது, பிறகு நிலைமை சீர் எண்டு மட்டும்தான் இருக்காம். மாமி ஆரோ செய்வினை செய்து போட்டினம் எண்டுறா. புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தியும் வைச்சாச்சு. இனி என்ன செய்ய?

வன்னிக்காற்று77:

அஸ்வெசும எடுக்கிறீங்களோ? எடுத்தா இது கிடையாது. வீணா அலையாதேங்கோ.

ஓய்வு உத்தியோகத்தன்:

தம்பி, தெரியாத விசயத்துக்கு ஆக்களைத் திருப்பி அனுப்பாதேங்கோ. அஸ்வெசும குடும்பத்தின்ர வறுமையைப் பாத்துக் குடுக்கிறது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு ஆளைப் பாத்துக் குடுக்கிறது. கணக்கு வேற வேற. 7,500 ஆக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்திலை 10,000 ஆக்கினவை. பிள்ளை, அதை விடாதேங்கோ.

நான் இந்த வேலையிலை இருந்து இளைப்பாறினவன், அதாலை கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். கதிரையிலை இருக்கிறவருக்கு கண்ணுக்குத் தெரியிறதுதான் ஊனம். கால் இல்லாட்டி விளங்கும், கண் தெரியாட்டி விளங்கும். எங்கட பகுதியிலை 2009க்குப் பிறகு அப்பிடிப் பாத்துப் பாத்துப் பழகிப் போச்சு. ஆனா சட்டம் அப்பிடிச் சொல்லேல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்திலை இருக்கிற வரைவிலக்கணத்தின்ர சாரம் இதுதான்: உடல் ஆற்றலிலையோ மன ஆற்றலிலையோ வந்த குறையாலை, தன்ர வாழ்க்கைத் தேவையளை முழுதாகவோ பகுதியாகவோ தானே பாத்துக்கொள்ள ஏலாதவர். பிறவியிலை வந்ததோ பிறகு வந்ததோ எண்டு பாக்கிறேல்லை. "பகுதியாக" எண்ட சொல்லை நல்லாப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. நடந்து வந்தவர் எண்டிறது இதுக்கு மறுமொழியே இல்லை.

உங்கட பிழை எங்கை எண்டா, நீங்கள் குடுத்தது ஆஸ்பத்திரிக் காட். அதிலை அவருக்கு என்ன நடந்தது எண்டுதான் இருக்கும். இப்ப அவராலை என்ன செய்ய ஏலாது எண்டு இருக்காது. "நிலைமை சீர்" எண்டா உயிருக்கு ஆபத்தில்லை எண்டு அர்த்தம், வேலைக்குப் போகலாம் எண்டில்லை. கிளினிக் டொக்டரிட்டைப் போய், இண்டைய நிலையைச் சொல்லுற கடிதம் கேளுங்கோ. மறதி, ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க ஏலாமை, தனிய விட ஏலாமை, தொழில் விட்டுப் போனது எல்லாம் வரவேணும். தூக்குக்குண்டுக் கதையை இங்கை எழுதின மாதிரியே அவருக்கும் சொல்லுங்கோ.

திரும்பவும் மறுத்தா வாயாலை வாங்கிக்கொண்டு வராதேங்கோ, காரணத்தை எழுத்திலை கேளுங்கோ, தமிழிலை. தராட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016, இல. 12) இருக்கு. ஒவ்வொரு அரச அலுவலகத்திலையும் தகவல் அலுவலர் எண்டு ஒருத்தர் இருக்கவேணும். 14 வேலை நாளுக்குள்ளை தாறதோ இல்லையோ எண்டு அவர் முடிவு சொல்லவேணும். அந்தக் கடிதம் நீட்டினாலே பாதிப் பேருக்கு ஞாபகம் வந்திடும்.

விசுவமடு மல்லிகை:

நன்றி ஐயா. டொக்டர் மனநலப் பிரிவுக்கும் காட்டச் சொன்னவர். இவர் "எனக்கென்ன விசரே?" எண்டு படலையைத் தாண்ட மாட்டன் எண்டுறார். அங்கை போனா ஊரும் கதைக்கும்.

ஒட்டுசுட்டான் அக்கா:

தங்கச்சி, ஊர் கதைக்கும்தான். என்ர தம்பிக்கு 2009இலை தலையிலை செல் பீஸ் (குண்டுச் சிதறல்). ஒரு துண்டு இன்னும் உள்ளைதான் இருக்கு. நாலு வருசம் நானும் உங்களை மாதிரி மூடி மூடி வைச்சன். அவன் கதவை உடைச்சாப் பிறகுதான் கொண்டு போனன். அந்த டொக்டர் சொன்னது எனக்கு இப்பவும் காதுக்குள்ளை நிக்குது: நெத்திப் பக்க மூளைதான் கோபத்துக்குப் பிரேக், அது அடிபட்டா மனுசன் கெட்டவன் இல்லை, பிரேக் இல்லாத வண்டி. விசர் எண்டு ஒரு சொல்லுக்குள்ளை எல்லாத்தையும் போட்டு அமுக்குறது எங்கட சனம்தான்.

இவருக்குச் சொல்லுங்கோ, "மறதிக்கு மருந்து எடுக்கப் போறம்" எண்டு. பொய்யும் இல்லையே.

ஒரு கொப்பி வாங்கி இரண்டு கிழமை நாள் போட்டு எழுதுங்கோ. "திங்கள், கடைக்குப் போனவர், தேங்காய் வாங்காமல் வந்தவர்." "புதன், மூண்டு தரம் குளிச்சவர்." இவ்வளவும் காணும். டொக்டருக்கு முன்னாலை எங்கட வாய் அடைச்சுப் போம், அவைக்கும் வரிசையிலை நூறு பேர். கொப்பியை நீட்டினா வாசிப்பினம். என்ர தம்பியின்ர கடிதம் அப்பிடித்தான் வந்தது. கந்தோர்க்காரர் எங்களிட்டை எல்லாத்தையும் எழுதி வாங்கினம், நாங்களும் ஒருக்கா எழுதிக் குடுப்பம் எண்டுதான் வையுங்கோவன்.

மற்றது, இவரின்ர உடம்பிலை பழைய செல் பீஸ் ஏதும் இருக்கோ? காலிலை, முதுகிலை எங்கை எண்டாலும், எம்.ஆர்.ஐ எண்டு சொன்ன உடனை முதல் அதைச் சொல்லிப் போடுங்கோ. காந்தத்துக்கு உள்ளையிருக்கிற இரும்பு அசையலாம். தம்பிக்கு அதாலை சி.ரி. ஸ்கான்தான் எடுத்தவை.

மாங்குளம் ஆதார வைத்தியசாலையிலை நெதர்லாந்து உதவியோடை கட்டின புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் 2024 மே மாதம் திறந்தவை. உங்கட டொக்டரிட்டை அங்கை அனுப்பிறதுக்கும் ஒரு கடிதம் கேட்டுப் பாருங்கோ. தொழில்வழிச் சிகிச்சை மிஸ்மார்தான் தேத்தண்ணி போடுறதையும் ஒண்டு ஒண்டாப் பழக்கிறவை. "முடியாது" எண்டதை அவையும் பாத்து எழுதினா பெறுமதி.

வார்ட் இரவு:

நான் தாதி. இரண்டே விசயம். வலிப்புக் குளிசை தந்திருந்தா, வலிப்பு வரேல்லை எண்டு நீங்களா நிப்பாட்டாதேங்கோ. அடுத்தது, தலையிடி கூடிக்கொண்டு போறது, சத்தி, வழமையில்லாத நித்திரை, ஒரு பக்கம் சோருறது ஏதும் வந்தா கிளினிக் நாள் வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. சாராயம் சுத்தமா வேண்டாம்.

உங்களுக்கும் ஏலாமல் வரும் பிள்ளை. இரவிலை கதைக்க ஆளில்லாட்டி 1926, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம்.

வன்னிக்காற்று77:

அக்கா, நான் பிழையாச் சொல்லிப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நலன்புரி நன்மைகள் சபைக்கு 1924 எண்டு ஒரு இலக்கம் இருக்கு, முறைப்பாடு சொல்லலாம்.

விசுவமடு மல்லிகை:

மூண்டு கிழமையாலை எழுதுறன். கொப்பி பதினொரு பக்கம் வந்திட்டுது. டொக்டர் நாலு பக்கம் வாசிச்சிட்டு என்னை நிமிந்து பாத்தார். கடிதம் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தந்தவர், "தனியே விடக்கூடாது", "தொழிலுக்குத் திரும்ப இயலாது" எண்டு. மாங்குளத்துக்கும் ஒரு கடிதம். மனநலப் பிரிவுக்கும் வந்தவர், மறதிக் கிளினிக் எண்டுதான் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனன். துடையிலை ஒரு செல் பீஸ் இருக்கிறதையும் பதிஞ்சாச்சு.

படிவத்தைக் குடுக்கப் போன அண்டைக்கு அதே ஆள்தான் இருந்தவர். இவரைத் திரும்பவும் மேலும் கீழும் பாத்தார். நான் ஒண்டும் கதைக்கேல்லை, கடிதத்தை மேலை வைச்சன். வாசிச்சிட்டு சீல் குத்திப் பிரதி தந்தவர். காசு எப்ப எண்டு சொல்லேல்லை, காத்திருப்போர் பட்டியலாம். விதானையாரும் சமூக சேவை உத்தியோகத்தரும் வீட்டை வந்து பாப்பினமாம். கேத்திலைக் கழுவாமல் அப்பிடியே வைச்சிருக்கிறன்.

வாற செவ்வாய் மாங்குளம். விசுவமடுவிலை இருந்து எப்பிடிப் போறது சுகம்? கன நேரம் பஸ்ஸிலை இருந்தா இவர் குழம்புவார்.

ஒட்டுசுட்டான் அக்கா:

பரந்தனிலை இறங்கி வவுனியாப் பக்கம் போற பஸ் எடுங்கோ, மாங்குளம் சந்தியிலை இறக்கச் சொல்லுங்கோ. விடியக் காலமை வெளிக்கிட்டா சனம் குறைவு. யன்னல் பக்கம் இருத்துங்கோ. தண்ணிப் போத்தலும் கொப்பியும் மறந்திடாதேங்கோ.