2001 சிட்டி: ஸ்டீயரிங் திருப்பினால் முனகல், டேங்கில் நுரை. ரேக் மாற்றத்தான் வேண்டுமா?

வைகைக்கரை (மதுரை):

வணக்கம். 2001-ல் அப்பா வாங்கிய ஹோண்டா சிட்டி 1.5 எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. 1,62,000 கிலோமீட்டர். அப்பா போன பிறகு வண்டி என் கைக்கு வந்தது. விற்கும் எண்ணம் இல்லை.

ரெண்டு மாதம் முன்பு பவர் ஸ்டீயரிங் ஆயில் லோயர் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. பக்கத்து ஒர்க் ஷாப்பில் சொன்னேன். சிவப்பு ஆயிலை ஊற்றி நிரப்பிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே காலையில் லேசாக ஒரு முனகல் இருந்தது. இப்போது அது அதிகமாகிவிட்டது. சிம்மக்கல் பக்கம் சந்துக்குள் வண்டியைத் திருப்பும்போது "ங்ஙீ..." என்று இழுக்கிறது, தெருவில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஸ்டீயரிங்கும் நடுநடுவே கனக்கிறது. ஸ்டீயரிங் ஆயில் டேங்க் மூடியைத் திறந்தால் உள்ளே ரோஸ் மில்க் மாதிரி நுரை. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

அதே ஒர்க் ஷாப்பில் ரேக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) போய்விட்டது, மாற்ற 28,000 ஆகும் என்கிறார்கள். வண்டிக்கே இப்போது எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாது. செலவு செய்யத் தயங்கவில்லை. ஆனால் தேவையில்லாமல் செய்ய வேண்டாமே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குவாலிஸ் வீடு (நாமக்கல்):

சார், என் குவாலிஸில் வாங்கிய நாளிலிருந்து சிவப்பு ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊற்றுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. ஆயில்மேல் சந்தேகப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். ஸ்டீயரிங் பம்பைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

பழைய ஸ்பேனர் (கோவை):

தம்பி, ரேக்குக்குப் பணம் கொடுக்காதே. கொஞ்சம் பொறு.

நான் 31 வருஷம் வண்டி வேலை பார்த்தவன். அதில் ஒன்பது வருஷம் பெரும்பாலும் இந்தப் பழைய சிட்டிதான். 1998-ல் இங்கே வந்த முதல் மாடலில் இருப்பது ஹைட்ராலிக் ஸ்டீயரிங், பம்ப் தரும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. 2003-ல் வந்த அடுத்த மாடலில் எலக்ட்ரிக் ஆக்கிவிட்டார்கள், அதில் ஆயிலே கிடையாது. அதனால் உன் வண்டியின் பம்பைக் கையில் எடுத்துப் பார்த்த பையன்கள் இப்போது ஒர்க் ஷாப்களில் குறைவு. சத்தம் வந்தால் ரேக், ரேக் என்றுதான் சொல்வார்கள்.

நீ எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ரெண்டு. நுரை இருக்கிறது, தரையில் சொட்டு இல்லை. பம்புக்கு ரெண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சும், மறுபக்கம் அழுத்தி ரேக்குக்கு அனுப்பும். அழுத்தும் பக்கம் ஓட்டை விழுந்தால் ஆயில் வெளியே பீய்ச்சும், உனக்குக் கண்ணால் தெரியும். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வருவதைவிடக் காற்றுதான் உள்ளே போகும். அந்தக் காற்று ஆயிலோடு அரைபட்டு நுரையாகும். நுரையை அழுத்தினால் பம்ப் முனகாமல் என்ன செய்யும்? ஸ்டீயரிங் நடுநடுவே கனப்பதும் அதனால்தான்.

டேங்கிலிருந்து வரும் தடித்த ரப்பர் ஹோஸ் பம்பில் சேரும் இடத்தில் ஓ-ரிங் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும். என்ஜின் சூட்டில் இருபது வருஷம் கிடந்தால் அது இறுகிப்போகும். நான் பார்த்த முனகல் கேஸ்களில் பாதிக்கு மேல் அதுதான்.

குவாலிஸ்காரர் கோபிக்க வேண்டாம். டொயோட்டா அந்த வண்டிக்கு ஏடிஎஃப்தான் போடச் சொல்கிறது, நீங்கள் செய்தது சரி. ஹோண்டா அப்படி இல்லை. தன் பவர் ஸ்டீயரிங் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதே என்கிறது, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் அதற்கு ஏற்றபடி செய்தது. ரெண்டும் ஸ்டீயரிங் ஆயில்தானே என்று ஊற்றிவிடக் கூடாது.

இப்போது வேலை. என்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார். தொளதொளவென்று இருந்தாலோ ஓரம் வெடித்திருந்தாலோ மாற்று. பெல்ட் சத்தம் "கீச்" என்று கிரீச்சிடும், உனக்கு வருவது போல இழுத்து முனகாது. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. காற்று குறைந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும்.

அப்புறம் அந்த ஓ-ரிங்கை மாற்று. பழையதை எடுத்துக்கொண்டு போய் அதே அளவில் எண்ணெய் தாங்கும் ரப்பரில் வாங்கு. சைக்கிள் கடை ரப்பர் ஆகாது. ஹோஸ் கிளாம்ப் துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்று.

சிவப்பு ஆயிலை வெளியே எடுக்க, மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கி டேங்கில் இருப்பதை முழுக்க உறிஞ்சு. ஹோண்டா ஆயிலை அப்பர் கோடு வரை ஊற்று. என்ஜினைப் போட்டு ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் சில தடவை திருப்பு, நிறுத்து, மறுபடி உறிஞ்சு. டேங்கில் இருப்பது மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான், மீதி பம்பிலும் ரேக்கிலும் ஹோஸிலும் இருக்கும். அதனால் ஒரு தடவையோடு விட்டுவிடாதே. சிவப்பு போய் நிறம் தெளியும் வரை ஐந்தாறு தடவை செய்.

காற்று எடுக்க முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வை. ஜாக்கியை மட்டும் நம்பி கீழே போகாதே. என்ஜின் ஓடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு மெதுவாக இருபது தடவை திருப்பு. டேங்கில் குமிழ் வரும். ஆயில் இறங்க இறங்க ஊற்று. குமிழ் நின்ற பிறகே என்ஜினைப் போடு. முழுக்கத் திருப்பிய நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதே. பம்ப் முழு அழுத்தத்தில் தவிக்கும் நேரம் அது.

கசிவை அடைக்கிறேன் என்று கடையில் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். வாங்காதே.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி ஐயா. ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் உட்கார்ந்து செய்தோம். பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது. ஓ-ரிங்கை வெளியே எடுத்துப் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, நகம் வைத்து அழுத்தினால் பிளாஸ்டிக் வளையல் மாதிரி பதியவே இல்லை. வளைத்தேன், ரெண்டாக ஒடிந்தது. புதுசு 30 ரூபாய்.

சிரிஞ்ச் வேலைக்குத்தான் நேரம் பிடித்தது. நான்காவது தடவை வரை ஆரஞ்சு நிறம், ஆறாவதில் தெளிந்தது. மொத்தம் மூன்று பாட்டில். முனகல் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் காலையில் முதலில் போடும்போது இன்னும் ஒரு நிமிஷம் லேசாகக் கேட்கிறது. இடது பக்க ரேக் பூட்டை (ரேக் முனையை மூடும் ரப்பர் உறை) தொட்டால் கொஞ்சம் ஈரமாகவும் இருக்கிறது. அது கெட்டதா?

பழைய ஸ்பேனர்:

ஒடிந்த ரப்பரை ஒர்க் ஷாப்காரரிடம் காட்டு, அடுத்த வண்டிக்காவது பயன்படட்டும்.

காலைச் சத்தத்துக்கு ஒரு வாரம் கொடு. நுண்ணிய குமிழ் ஆயிலில் கலந்து கிடக்கும், ஓட ஓட வெளியேறும். குறையாவிட்டால் பம்பின் உள்ளே ஏற்கெனவே தேய்மானம் இருக்கிறது என்று அர்த்தம், அதைப் பிறகு பார்ப்போம்.

பூட்டின் வெளிப்பக்க ஈரத்தை வைத்து முடிவு செய்யாதே. மேலே ஹோஸ் கழற்றும்போது சிந்தியதாக இருக்கலாம். நன்றாகத் துடைத்துவிட்டு நான்கு நாள் ஓட்டு. அப்புறம் பூட்டின் சின்ன கிளாம்பைத் தளர்த்தி, உள்ளே விரல் விட்டுப் பார். உலர்ந்த கிரீஸ் மட்டும் இருந்தால் ரேக் நலம். தெளிந்த ஆயில் தேங்கி நின்றால் ரேக் சீல் கசிகிறது, அப்போதும் முழு ரேக் வேண்டாம், சீல் கிட் மாற்றித் தருபவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

வைகைக்கரை:

துடைத்துவிட்டேன் ஐயா. வியாழக்கிழமை திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.