சிறையில் கோழிக்கறி: யார் வீட்டுக் காசு?

பொருநைவாசி:
கோட்டைமேடு கணேசன் ஐயா இந்த மன்றத்தின் பக்கத்து விவாத இழையில் தீர்ப்பு வழங்கியிருக்கிறார்: "சிறையில் கோழிக்கறி போடும் வரை இந்த நாட்டில் திருட்டு குறையாது." சிறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் இப்படியொரு முத்து! 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5.73 லட்சம் பேர். அவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் மீது குற்றமே நிரூபணமாகவில்லை. முதலில் அதைப் பேசுங்கள். உலையில் என்ன வேகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கோட்டைமேடு கணேசன்:
கணக்கெல்லாம் இருக்கட்டும் தம்பி. கோழிக்கறி போடுகிறார்களா, இல்லையா?

பொருநைவாசி:
போடுகிறார்கள். தண்டனைக் கைதியின் கூலியில் ஒரு பங்கை உணவு, உடைச் செலவுக்கென்று பிடித்துக்கொண்டுதான் போடுகிறார்கள். இன்னொரு பங்கு பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கென்று பிடிக்கப்படுகிறது. உங்கள் வீட்டுக் கோழியை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

கோட்டைமேடு கணேசன்:
போடுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி:
இருவரும் கோழியை விடுங்கள். சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நன்னடத்தைக் கைதிகள் விவசாயம் செய்கிறார்கள். ராஜஸ்தானின் சாங்கானேரில் குடும்பத்தோடு தங்கி, பகலில் வெளியே வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். நார்வேயின் ஹால்டன் சிறையில் அறைக்கு அறை தொலைக்காட்சியே இருக்கிறது.

கோட்டைமேடு கணேசன்:
நார்வே! 2011இல் 77 பேரைக் கொன்றவனுக்கு 21 ஆண்டு கொடுத்த நாடுதானே அம்மா? அங்கும் கோழிக்கறி உண்டா?

பொருநைவாசி:
21 ஆண்டு முடிந்தபின்னும் அவன் ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கருதினால் காவலை நீட்டித்துக்கொண்டே போகலாம். பாதியை மட்டும் படிப்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஆற்று மணல் இழையிலும் இப்படித்தான் செய்துவிட்டு, பதில் சொல்லாமல் காணாமல் போனீர்கள்.

கோட்டைமேடு கணேசன்:
காணாமல் போகவில்லை. பேத்தி காதுகுத்து.

கரிசல்மைந்தன்:
கோழியை யார் சமைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே! சாதி பார்த்துச் சமையலையும் துப்புரவையும் பிரித்துக் கொடுத்த சிறை விதிகளை 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பொருநைவாசி இவ்வளவு புள்ளிவிவரம் கொட்டினார், இதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்.

பொருநைவாசி:
எதை எப்போது சொல்வது என்று எனக்குத் தெரியும், கரிசல். முதல்முறை சிக்கிய விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் பிணையில் விடவேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது. பல வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடையாது. பிணை உத்தரவு வந்தும் ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் கிடக்கும் ஏழைகளுக்காகப் பணம் கட்ட மத்திய அரசின் திட்டமே 2023இல் வந்துவிட்டது. இதையெல்லாம் நடைமுறைப்படுத்துவதுதான் சீர்திருத்தம். தட்டை எட்டிப் பார்ப்பதல்ல.

கோட்டைமேடு கணேசன்:
என் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவன் மூன்று மாதத்தில் கன்னம் உப்பித் திரும்பி வந்தான். கோழிக்கறி இல்லாமல் எப்படி உப்பும்? 479ஆம் பிரிவைத் தின்றானா?

பொருநைவாசி:
மோட்டாரின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல்முறைத் திருட்டு, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால், புதிய சட்டப்படி அவனுக்குச் சமூக சேவைதான் தண்டனை. மூன்று மாதச் சோறும் மிச்சம். உங்கள் கவலையும் அதுதானே?

கோட்டைமேடு கணேசன்:
என் மோட்டார் 5,000க்குக் கீழா? ஐந்து குதிரைத்திறன் மோட்டார் அது! என் நிலத்தைப் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்?

தேன்மொழி:
ஐயா, நிலத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

கோட்டைமேடு கணேசன்:
சொல்லாமல் சொல்கிறார் அம்மா. மணல் இழையிலிருந்தே இவருக்கு என்மேல் காய்ச்சல். 12,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

கரிசல்மைந்தன்:
ஐந்து குதிரைத்திறன் மோட்டார் 12,000க்கா? எந்தக் கடை? பழையதை வாங்கிவிட்டுப் புதியது என்று சொல்லாதீர்கள்.