பருப்புக்கீரை, கங்கபாவிலி, சாரணை: மூன்றும் ஒன்றா? பச்சையாகச் சாப்பிடலாமா?

பள்ளிப்பட்டுக் கொல்லை:
வணக்கம். மழை பெய்த பத்துப் பன்னிரண்டு நாளில் வேர்க்கடலைக் கொல்லையில் தரையோடு படரும் கீரை இது. தண்டு சிவப்பு, இலை தடிப்பு. எங்கள் பக்கம் பருப்புக்கீரை என்கிறோம். ஆந்திராவின் நகரிப் பக்கம் கங்கபாவிலி என்கிறார்கள். சாரணை என்பவரும் உண்டு, பசலி என்பவரும் உண்டு. எல்லாம் ஒரே செடிதானா? வேகவைக்காமல் சாலட்டாகச் சாப்பிட எந்தப் பாகம் எடுக்க வேண்டும்? நறுக்கினால் கொழகொழவென்று ஆகிவிடுகிறதே, ஏன்?

கீரைப்பாத்தி:
பருப்புக்கீரையும் கங்கபாவிலியும் ஒன்றுதான். அறிவியல் பெயர் போர்ட்டுலாக்கா ஒலரேசியா. மலையாளத்தில் கொழுப்பச்சீரை. சாரணை வேறு செடி, இரண்டும் ஒரே கொல்லையில் பின்னிக்கொண்டு வளர்வதால்தான் இந்தக் குழப்பம்.

பெயரை விட்டுவிட்டுக் கணுவைப் பாருங்கள். பருப்புக்கீரையின் இலை ஆப்பு மாதிரி அடியில் குறுகி நுனியில் அகன்றிருக்கும், கிளை நுனியில் கொத்தாகக் கூடும். பூ மஞ்சள், வெயில் ஏறியதும் சில மணி நேரமே விரியும். காய் முற்றினால் மேல்பாதி மூடி போலக் கழன்று, உள்ளே கடுகைவிடப் பொடியான கறுப்பு விதை தெரியும். சாரணையில் ஒரே கணுவில் எதிரெதிராக ஒரு பெரிய இலை, ஒரு சின்ன இலை. பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு, இலைக்காம்பின் அடியில் பாதி ஒளிந்திருக்கும். சாரணையின் இளந்தளிரை வேகவைத்துத்தான் சாப்பிடுவார்கள். முற்றியது வயிற்றைக் கலக்கும். சாலட்டுக்கு அது வேண்டாம்.

பசலி என்று பெரும்பாலும் சொல்வது சிறுபசலையை: இலை பொடிசு, கணுவில் வெள்ளை முடி, பூவுக்கு நாலு இதழ். அதையும் சமைப்பதுண்டு. கொடிப்பசலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, ஒவ்வொரு தண்டையும் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் தூக்கிப் போடுங்கள். தரையில் ஒட்டிப் படரும் சித்திரப்பாலாடை வகையும் சிவந்த தண்டோடுதான் இருக்கும், அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது. பருப்புக்கீரையில் தெளிந்த நீர்தான் கசியும்.

சித்தூர் ரோடு:
கீரைப்பாத்தி அண்ணா சொன்னது சரி. சாலட் பக்கத்தை நான் சொல்கிறேன். துருக்கியில் இதைப் பூண்டும் தயிரும் சேர்த்துப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள், லெபனானில் ஃபத்தூஷ் சாலட்டில் போடுகிறார்கள். நம் வீட்டுத் தயிர்ப்பச்சடிக்கும் அச்சாகப் பொருந்தும்.

இரண்டு பேருக்கு 100 கிராம் போதும். நுனியிலிருந்து நாலு விரல் நீளம் மட்டும் கிள்ளுங்கள், அதற்குக் கீழே தண்டு நார் விடும். அகலப் பாத்திரத்து நீரில் பத்து நிமிடம் போட்டு, கீரையை மேலாக அள்ளி எடுங்கள். நீரைச் சாய்த்துக் கொட்டினால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரையிலேயே ஏறும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள். பிறகு துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள்.

கொழகொழப்பு இலைக்குள் இருக்கும் பசையால் வருவது. பொடியாக நறுக்க நறுக்க வெளியே வரும். கத்தி வேண்டாம், கையால் இரண்டாகக் கிள்ளினால் போதும். கெட்டித் தயிர் ஒரு கப், சின்ன வெங்காயம் நாலு, பூண்டு ஒரு பல் நசுக்கியது. தாளிப்பு நன்றாக ஆறிய பிறகே ஊற்றுங்கள், சூடாக ஊற்றினால் இலை துவண்டுவிடும். உப்பு பரிமாறும்போதுதான். முன்னாலேயே போட்டால் நீர் விட்டுப் பச்சடி நூல் இழுக்கும்.

பள்ளிப்பட்டுக் கொல்லை:
நன்றி. ஒரே செடி சில நேரம் நாக்கைச் சுண்டும் புளிப்பு, சில நேரம் சப்பென்று இருக்கிறதே? சிறுநீரகக் கல் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கீரைப்பாத்தி:
நீர் குறைந்த செடி இரவில் கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும், பகலில் அதைச் செலவழிக்கும். காய்ந்த கொல்லையில் விடியற்காலை பறித்தால் புளிப்பு, சாயங்காலம் பறித்தால் சாது.

கல் உள்ளவர்களுக்கு இது வேண்டாம், கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் என்ற உப்பு இதில் அதிகம். மற்றவர்களுக்குத் தயிர் உதவும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது குறையும்.

களைக்கொல்லி அடித்த கொல்லையிலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்கவே பறிக்காதீர்கள். கழித்த தண்டை வரப்பில் போடாதீர்கள். வெயிலில் வாடினாலும் ஒரு மழை பட்டால் வேர் பிடித்துவிடும். மாட்டுக்கும் நிறைய போடாமல், எருக்குழியில் ஆழமாகப் புதையுங்கள்.