மாத்திரைக்கு அப்புறம் நாக்கு மாறிப்போச்சு, யாருக்காவது?

சரக்குமாஸ்டர்:
சிம்மக்கல் பக்கம் ஒரு மெஸ்ல இருபது வருசமா சரக்கு மாஸ்டர். போன தைக்கு அப்புறம் மனசு படுத்துருச்சு. அயிரை மீன் குழம்பை வாயில வச்சாலும் வெறும் சுடுதண்ணிதான். டாக்டர் மனச்சோர்வுன்னு சொல்லி பராக்ஸிடின் எழுதுனாரு. மூணாவது வாரம் கூத்தே வேற. சுண்டக்காய் வத்தக்குழம்பு நாக்குல பட்டா விசமாக் கசக்குது, அரைச் சீனி டீ பாயசமா இனிக்குது. "எப்பவும் போலத்தாண்ணே இருக்கு"ங்கிறான் கடைப்பையன். தூக்கம் இன்னும் வரலை. மருந்து பிடிச்சிருச்சுன்னு எடுத்துக்கவா, இல்ல நாக்கு கெட்டுப்போச்சா? எனக்கு நாக்குதாங்க பொழப்பு.

மருந்துக்கடை:
கெட்டுப்போகலைண்ணே, கூர்மையாகியிருக்கும். பராக்ஸிடின் கூட்டுறது செரட்டோனின்ங்கிற, நரம்புக்கு நரம்பு சேதி கடத்துற ரசாயனத்தை. நாக்குல சுவை மொட்டுல ஒருவகைச் செல்லே அதை விடுது. 2006-ல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல, நோயில்லாதவங்களுக்கு உங்க பராக்ஸிடினையே கொடுத்துப் பார்த்தாங்க. இனிப்பை 27 சதவீதம், கசப்பை 53 சதவீதம் குறைஞ்ச அளவுலயே நாக்கு கண்டுபிடிச்சிருச்சு. உப்பும் புளிப்பும் மாறலை. நார்அட்ரினலின்ங்கிற வேறொரு சேதி ரசாயனத்தைக் கூட்டுற இன்னொரு மருந்துல கசப்பும் புளிப்பும் கூர்மையாச்சு. ஆனா இதெல்லாம் சில மணி நேரத்துல நடந்தது. மனசு தெளிய வாரக்கணக்காகும். அதனால நாக்கை வச்சு மருந்து பிடிச்சுதான்னு சொல்ல முடியாது. பயந்து திடுதிப்புனு நிறுத்திராதீங்க, தலை கிறுகிறுன்னு சுத்தும்.

மேலூர்க்காரன்:
எனக்கு லித்தியம், மனசு ரொம்ப ஏறி இறங்காம இருக்கக் கொடுக்குற மருந்து. பித்தளைச் சொம்பை நக்குன மாதிரி எந்நேரமும் ஒரு ருசி. "பிரஷரா இருக்கும், உப்பைக் குறைங்க"ன்னாக எங்க மதினி. குறைச்சேன். அந்தச் சித்திரை வெயில்ல அழகரைப் பார்க்க வைகைக்குள்ள நின்னு வேர்த்துக் கொட்டி, ராத்திரி கை நடுக்கம், வாந்தி. உடம்புல உப்பும் தண்ணியும் குறைஞ்சா சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமப் பிடிச்சு வச்சுக்குமாம். ரத்தம் எடுத்துப் பார்த்தா அளவு எங்கேயோ நிக்குது. மதினியைக் குத்தம் சொல்ல மாட்டேன், நான்ல டாக்டரைக் கேட்டிருக்கணும்.

சரக்குமாஸ்டர்:
உப்பு மாறாதுன்னீகளே, பாதி உசுரு வந்துச்சு. அப்ப சாம்பார், ரசத்துக்கு உப்பு நான் பார்க்குறேன். வத்தக்குழம்பும் கேசரியும் பையன் பாடு. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போறேன், தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லிருறேன். பய இன்னைக்கே கேசரியில சீனியை அள்ளிப் போட்டுட்டு என் நாக்கு மேல பழி போடுறான்.