7.9 கிலோ 395-ஆ, 6.2 கிலோ 500ஐ-யா? நாள் முழுக்க அறுக்க எது தாங்கும்

நெடுமரம்:
60 முதல் 80 செ.மீ. விட்டமுள்ள அடிமரம், 24 அங்குல பார் (செயின் ஓடுற நீளத் தகடு), நாள் முழுக்க வேலை. ஒரே ஒரு செயின்சாதான் வாங்க முடியும். ஸ்டில் எம்எஸ் 500ஐ எடுக்கிறதா, ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி எடுக்கிறதா? காரணத்தோட சொல்லுங்க.

வாள்முனை:
500ஐ. கணக்கைப் பாருங்க. 395-க்கு 93.6 சிசி, 4.9 கிலோவாட், 7.9 கிலோ. 500ஐ-க்கு 79.2 சிசி, 5.0 கிலோவாட், 6.2 கிலோ. பவர் ஒரு துளி கூடுதல், எடை 1.7 கிலோ கம்மி. இது பார், செயின், பெட்ரோல் எதுவும் சேராத வெறும் இன்ஜின் எடை. எல்லாம் மாட்டினதும் ரெண்டுமே இன்னும் கனக்கும், ஆனா அந்த 1.7 கிலோ வித்தியாசம் அப்படியே நிக்கும். சாய்ச்ச மரத்துல கிளை கழிக்கும்போது மெஷின் மரத்து மேல உக்காராது, கைதான் சுமக்கணும். மத்தியானத்துக்கு மேல சோர்ந்த கைதான் பாரோட நுனியைத் தவறான இடத்துல இடிக்கும். எடையைப் பாதுகாப்பு விஷயமாத்தான் பாக்கணும்.

தேக்கங்காடு:
கிலோவாட் எண்ணை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க. அது அதிகச் சுற்று வேகத்துல அளந்த பவர். பாரை முழுசா மரத்துல புதைச்சு அழுத்தும்போது சுற்று குறையும், அப்ப இழுவையைப் பிடிச்சு நிறுத்துறது பெரிய சிலிண்டர்தான். 24 அங்குலத்துக்கு ரெண்டும் போதும், ஒத்துக்கறேன். 32-க்குப் போனா 395 பக்கம்தான் நிப்பேன்.

என் முக்கிய வாதம் வேற. 395-ல எச் (அதிக வேகத்துக்கு), எல் (குறைந்த வேகத்துக்கு)னு பெட்ரோல் அளவை வைக்கிற ரெண்டு திருகு இருக்கிற கார்புரேட்டர். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தா காட்டுக்குள்ளேயே சரிபண்ணலாம். 500ஐ-ல கார்புரேட்டரே இல்லை, எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன். சென்சாரோ இன்ஜெக்டரோ மக்கர் பண்ணா, அதைப் படிக்கிற கருவி இருக்கிற சர்வீஸ் ஆள் வேணும். அவர் தூரத்துல இருந்தா வேலை நின்னுபோச்சு.

வாள்முனை:
அந்தத் திருகுதான் பாதி பிஸ்டனைக் கொல்லுது. மலை மேல காத்து அடர்த்தி குறைவு, பெட்ரோல்-காத்துக் கலவையில பெட்ரோல் மிஞ்சி கெட்டியாகும், அதனால எச் திருகைக் குறைச்சு வைப்பாங்க. அதே மெஷினைச் சமவெளிக்குக் கொண்டுவந்து திருகைத் தொடாம ஓட்டினா கலவை மெலிஞ்சுபோகும். மெலிஞ்ச கலவையில சூடு ஏறும், பெட்ரோலோட வர்ற ஆயிலும் குறையும். பிஸ்டன் கீறிடும். 500ஐ காத்துக்கு ஏத்தபடி பெட்ரோலைத் தானே அளந்து விடும். சோக் கூடக் கிடையாது.

தேக்கங்காடு:
சரியான கருத்து. ஆனா அதே அறிவுதான் நோயை மறைக்குது. கிராங்க் சீல் (இன்ஜின் தண்டைச் சுத்தி காத்து புகாம அடைக்கிற வளையம்) தேய்ஞ்சு காத்து உள்ள நுழைஞ்சா, கார்புரேட்டர் மெஷின் உடனே காட்டிக்கொடுக்கும். திராட்டிலை விட்டதும் சுற்று டக்குனு இறங்காது, மேலேயே தொங்கிக்கிட்டு மெதுவா வரும். எலக்ட்ரானிக் மெஷின் பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டும். ஈடுகட்ட முடியாத கட்டம் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

எச் திருகு வைக்கத் தெரியாதவங்களுக்கு: சுமையில்லாம முழுத் திராட்டில்ல பிடிச்சா சத்தம் லேசா பொருபொருக்கணும். மரத்துல இறக்கினதும் தெளியணும். சுமையில்லாமலே கீச்சுனு தெளிவாக் கேட்டா மெலிஞ்சிருக்கு, உடனே நிறுத்துங்க.

அரம்பிடி:
ரெண்டு பேரும் இன்ஜினைச் சுத்தியே நிக்கிறீங்க. மழுங்கின செயின் மாட்டினா 5 கிலோவாட்டும் வீண். தூளா வந்தா அரம் போடணும், சீவலா வந்தாத்தான் பல் வெட்டுதுன்னு அர்த்தம். மழுங்கினதை அழுத்தி ஓட்டும்போது பார் விளிம்பு, கிளட்ச், இன்ஜின் மூணும் சூடாகும்.

3/8 பிட்ச் (கண்ணி இடைவெளி, அங்குலத்துல) செயினுக்கு ஸ்டில் 5.2 மி.மீ. அரம் சொல்லுது, ஹஸ்க்வர்னா 5.5. செயின் பெட்டியில போட்டிருக்கிற அளவையே எடுங்க, மாத்திப் போட்டா பல்லோட கொக்கி கெடும். பல்லுக்கு முன்னால இருக்கிற ஆழமுனை 0.65 மி.மீ. தாழ்வா இருக்கணும். அதுக்கு மேல இறக்கினா செயின் கடிச்சு இழுக்கும், நுனி உதைக்கும்.

8 பல் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டுற பல்சக்கரம்) மாட்டலாமான்னு அடுத்த கேள்வி வரும், அதனால இப்பவே: 10,000 சுற்றுல 7 பல் செயினை விநாடிக்கு 22 மீட்டர் அளவுல ஓட்டும், 8 பல் 25 மீட்டர். வேகம் கூடும், இழுவை அதே அளவு குறையும். குறுகின பாருக்கும் மென்மரத்துக்கும் சரி. 24 அங்குலத்தை வைரம் பாய்ஞ்ச மரத்துல புதைக்கிறவங்களுக்கு 7 தான்.

நெடுமரம்:
காத்துக் கசிவை நிச்சயமா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தேக்கங்காடு:
395-க்குச் சொல்றேன். கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழட்டுங்க. ரெண்டு வாயையும் ரப்பர் தகடு வச்சு இறுக்குங்க, இம்பல்ஸ் துளையையும் (இன்ஜின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோற சின்னத் துளை) சேர்த்து அடைக்கணும், அதைப் பலர் மறந்துட்டு இல்லாத கசிவைத் தேடுவாங்க. பிளக் துளையில அடாப்டர் போட்டு, கைப்பம்புல 0.5 பார் அழுத்தம் ஏத்துங்க. முள் இறங்கினா கிராங்க் சீல், இன்டேக் ரப்பர், டிகம்ப்ரஷன் வால்வு (ஸ்டார்ட் பண்ணும்போது அழுத்தத்தைக் குறைக்கிறது) மூணுலயும் சோப்புத் தண்ணி விட்டு நுரை பாருங்க. பிறகு அதே அளவு வெற்றிடம் இழுத்தும் பாக்கணும். சில சீல் வெளிப்பக்கம் பிடிக்கும், உள்பக்கம் விட்டுடும். கிராங்கை மெதுவாச் சுத்திக்கிட்டே பாருங்க.

கசிவு தேடுறதுக்கு முன்னாடி, சைலன்சர் வாய் வழியா பிஸ்டனைப் பாருங்க. எக்ஸாஸ்ட் பக்கம் கீறல் இருந்தா மெலிஞ்ச கலவை இல்லன்னா ஆயில் குறைவு. இன்டேக் பக்கம் இருந்தா ஏர் ஃபில்டர் வழியா தூசி போயிருக்கு, சீலை மாத்திப் பிரயோஜனமில்லை.

வாள்முனை:
இந்தச் சோதனை 500ஐ-க்கும் வேணும், அதை மறுக்கல. 50-க்கு 1 பெட்ரோல்-ஆயில் கலவையும் ரெண்டுக்கும் ஒண்ணுதான், லிட்டருக்கு 20 மி.லி. ஆயில். நெடுமரம், கிளை கழிக்கிற வேலையும் இதே மெஷின்லயா?

நெடுமரம்:
ஆமா, பாதி நேரம் அதுதான். இன்ஜெக்‌ஷன் பாக்கிற சர்வீஸ் ஆளும் பக்கத்துலயே இருக்கார்.

தேக்கங்காடு:
அப்ப 500ஐ எடுங்க. 32 அங்குலம் தேவைப்படாத ஆளுக்கு 7.9 கிலோவைத் தூக்கச் சொல்ல மாட்டேன். பெட்ரோல் ஃபில்டரை மட்டும் தள்ளிப்போடாம மாத்துங்க, இன்ஜெக்டர் அழுக்கைப் பொறுக்காது.